முட்டு போன பிறகும் அவன் மாணவன்தான்

போன வாரம் ஐஸ் பிளான்ட்டில் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, திண்ணையில் ஒரு பையனும் அவன் அம்மாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். காலையில் கடப்புறத்தில் என்னிடம் பந்து பழகும் பையன்களில் ஒருவன். பிளஸ் டூ முடித்துவிட்டான். வெளியூர்க் கல்லூரி ஒன்று செலக்‌ஷன் வைத்து அவனை எடுத்திருக்கிறது. படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கட்ட வேண்டாம், பூட்ஸும் ஜெர்சியும் அவர்களே தருவார்கள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, இவனை அனுப்பட்டா?” என்று அந்த அம்மா கேட்டார்.

அனுப்புங்கள் என்றேன். ஆனால் சேருவதற்கு முன்னால் அங்கே சில கேள்விகள் கேட்க வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். 2003இல் என்னை இதேபோல ஒரு கல்லூரி எடுத்தபோது, அந்தக் கேள்விகளைக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது தெரியாமல் போனதால் என்ன ஆனது என்பதை இன்று சொல்லத்தான் வேண்டும். கல்லூரிகள் பையன்களை எடுக்கிற காலம் இது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசியில், நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை எட்டுக் கடலோர ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தூத்தூர் வட்டாரம் என்பார்கள். அதில் ஓர் ஊர் எனக்கு. ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்கிற ஊர்கள் இவை. இந்த எட்டு ஊரிலும் நடக்கப் பழகிய பிள்ளை அடுத்துப் பழகுவது பந்து. வலை காயப்போடும் கம்புகளை நட்டால் அதுதான் கோல் போஸ்ட். வெறுங்காலில், கணுக்கால் புதையும் மணலில் விளையாடுவோம். மணலில் ஓடிப் பழகியவனுக்குப் புல்தரையில் கால் பறக்கும். எங்களிடம் இருந்த பெரிய பலம் அதுதான்.

பந்து எங்களுக்கு வேலைக்குப் போகும் வழியாகவும் இருந்தது. எங்கள் கடற்கரைக்கு நாகர்கோவில் எவ்வளவு பக்கமோ திருவனந்தபுரமும் அவ்வளவு பக்கம். அங்கே ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் (எஸ்.பி.டி.), டைட்டானியம், கேரளா போலீஸ், மின்வாரியம் என்று வரிசையாக அணிகள். சென்னைப் பக்கம் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பாங்க். நன்றாக விளையாடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். எஸ்.பி.டி. தேசிய லீக் வரை ஆடிய அணி. அதன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மாதச் சம்பளம் வாங்கும் ஓர் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால், அவர் நடந்து போவதையே நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். என் அப்பா கடலுக்குப் போனவர். அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். என்னை எஸ்.பி.டி.யில் பார்க்க வேண்டும் என்பதுதான் இருவருக்கும் ஆசை.

கல்லூரியில் நான் லெஃப்ட் விங். முதல் வருடமே யுனிவர்சிட்டி டீமுக்கு எடுத்தார்கள். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடினேன். நாங்கள் கோப்பை வாங்கிய வருடம், கல்லூரி வாசலில் என் படத்தோடு பேனர் வைத்தார்கள். பேனரில் இருந்த பையன் வகுப்பில் அதிகம் இருந்ததில்லை. காலை ஐந்தரைக்கு கிரவுண்ட். மதியம் மூன்றுக்கு மறுபடியும் கிரவுண்ட். போட்டி என்றால் பத்து நாள் வெளியூர். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் இன்டர்னல் தேர்வு முடிந்திருக்கும். “நீ பிளேயர்தானே, பார்த்துக்கலாம்” என்பார்கள். இரண்டாம் வருட முடிவில் எனக்கு ஐந்து அரியர். அதைப் பற்றி யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. நானும் பயப்படவில்லை. எஸ்.பி.டி.க்காரர்கள் என் காலைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

2005 அக்டோபர். மூன்றாம் வருடம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி. மழை விட்டு நான்கைந்து நாள் காய்ந்த செம்மண் தரை, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. இடது காலை ஊன்றி உள்பக்கம் வெட்டித் திரும்பினேன். பூட்ஸின் ஸ்டட் தரையில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டுக்குள் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. மணலாக இருந்திருந்தால் காலுக்கு விட்டுக்கொடுத்திருக்கும்.

சுளுக்கு என்றார்கள். ஐஸ் வைத்தார்கள், ஸ்ப்ரே அடித்தார்கள். மூன்றாவது வாரம் யுனிவர்சிட்டி செலக்‌ஷன் வந்தது. முட்டுக்கு உறை மாட்டி இறக்கினார்கள். பத்தாவது நிமிடத்தில் முட்டு தனியே விலகிப் போய் விழுந்தேன். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்பா பணம் அனுப்பி எடுத்தோம். முட்டின் முன்பக்க லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது. அறுந்த காலோடு மறுபடி ஆடியதில், உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்ட வேண்டும், அதன் பிறகு ஒன்பது மாதமாவது பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செலவு எண்பதாயிரம். அப்பாவின் தலையில் அப்போதே போட் முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருந்தது.

கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நின்றேன். “லீவில் ஊருக்குப் போனபோது செவன்ஸ் ஆடிக் கெடுத்துக்கொண்டாய்” என்றார்கள். மலப்புறம் பக்கம் இரவில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பணத்துக்கு ஆடப் போகிறவர்கள் உண்டு. நான் போனதில்லை. நான் விழுந்தது அவர்கள் கொடுத்த ஜெர்சியில், அவர்கள் அனுப்பிய ஆட்டத்தில். எங்கள் பி.டி. சார் நல்ல மனிதர். தன் பையிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார். காயத்துக்கென்று கல்லூரி அவரிடம் ஒரு ரூபாயும் கொடுத்து வைத்திருக்கவில்லை. அடுத்த செமஸ்டருக்கு ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஹாஸ்டலில் என் கட்டிலைப் புதிதாக வந்த கோல்கீப்பருக்குக் கொடுத்தார்கள். ஓ.டி. நாட்கள் வருகைப் பதிவில் ஏறவில்லை என்று கண்டோனேஷன் கட்டணம் கேட்டார்கள். இரண்டரை வருடம் விளையாட்டுக்காரன் என்று வகுப்புக்கு வெளியே வைத்திருந்தவர்கள், ஏன் வகுப்பில் இல்லை என்று அபராதம் கேட்ட நாளில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த இடம் எனக்குக் கொடுத்த இடம் இல்லை. என் காலுக்குக் கொடுத்த இடம்.

ஏழு அரியரோடு 2006இல் ஊருக்கு வந்தேன். அப்பா வர்ம ஆசானிடம் அழைத்துப் போனார். ஆசான் முட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது எலும்பு பிசகினதில்ல மக்களே, உள்ள அறுந்து கிடக்கு. எண்ணெய் போட்டா வலி குறையும், அறுந்தது சேராது” என்றார். அத்தனை பேரில் உண்மையை நேராகச் சொன்ன ஒருவர் அவர். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: “கடலுக்குக் கை போதும் மக்கா.” எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆடுகிற போட்டில் கையைவிட முட்டுக்குத்தான் வேலை அதிகம் என்பது நாற்பது வருடம் கடலுக்குப் போன அவருக்குத் தெரியாதா?

அந்த ஜூலையில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். 18ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த செய்தி எங்கள் கடற்கரையை உறைய வைத்தது. வி.பி. சத்யன் தன் உயிரை முடித்துக்கொண்டார். 41 வயது. இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர். 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளா போலீஸ் அணியின் தூண். பிறகு இந்தியன் பாங்க். காயங்களோடு ஆடிய கால்கள் அவருடையவை. ஏன் அப்படிச் செய்தார் என்று வெளியில் இருந்து பேச எனக்கு உரிமை இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். வேலையும் பெயரும் இருந்த சத்யனுக்கே ஆட்டத்துக்குப் பிந்தைய நாட்கள் அவ்வளவு பாரமாக இருந்திருக்கின்றன. இரண்டும் இல்லாத 21 வயதுப் பையனிடம் வந்து, “எப்படி இருக்கிறாய்” என்று கேட்க ஒருவர் வேண்டும். எனக்கு அம்மா இருந்தார். அம்மா இல்லாதவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அதன் பிறகு பதினோரு வருடம் கடல். கொச்சி தோப்பும்படியிலிருந்து போட் ஏறினால் முப்பது, நாற்பது நாள் தங்கல். இரவில் தூண்டில் கயிறு இழுக்கும்போது இடது காலை ஊன்ற முடியாது. இரண்டு முறை முட்டு விலகி மீன் அறைக்குள் விழுந்தேன். அதற்குப் பிறகு என்னைச் சமையலுக்கு வைத்தார்கள். சமைக்கிறவனுக்கு அந்த போட்டில் பங்கு குறைவு. நான் குறை சொல்லவில்லை, இழுக்கிறவனுக்கு அதிகம் என்பது நியாயம்தான். எங்கள் ஊர் அணியில் எனக்குப் பின்னால் லெஃப்ட் பேக் ஆடியவனும் அப்படித்தான் கடலுக்கு வந்தான். என்னைவிட நல்ல ஆட்டக்காரன். வேறொரு கல்லூரியில் படித்தவன். அவனுக்கு அறுந்தது கணுக்கால்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். எங்கள் போட் மோட்டார் வேலைக்காகக் கொச்சியில் கரையில் கிடந்தது. அவன் கடலில் இருந்தான். அவன் திரும்பி வரவில்லை. எட்டு ஊரிலும் வாசலுக்கு வாசல் அழுகை கேட்ட நாட்கள் அவை. ஒரு மாதம் கழித்து அவன் அம்மா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். உள்ளே சான்றிதழ்கள். மேலாக இருந்தது ஃபார்ம் த்ரீ. பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியவனுக்குக் கொடுக்கிற படிவம். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்க அது வேண்டும். “இத வச்சு அவன் தம்பிக்கு ஏதாவது வேலை கிடைக்குமா மக்கா?” என்று கேட்டார். கிடைக்காது அம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தப் படிவம் அவன் கையில் வந்தது கல்லூரி முடிந்து இரண்டு வருடம் கழித்து. அதற்குள் கணுக்கால் போயிருந்தது. ரயில்வேயில் விளையாட்டுப் பிரிவு வேலைக்கு 18இலிருந்து 25 வயது வரைதான். இருபதில் அடிபட்டு, சரியான சிகிச்சை இல்லாமல் இரண்டு வருடம் போய், சான்றிதழுக்கு இரண்டு வருடம் அலைந்தால், அந்த வாசல் மூடும் நேரம் வந்துவிடும். திறமை போதாமல் வேலை கிடைக்காதவர்கள் உண்டு. அவன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

என் கல்லூரி அணியில் பதினெட்டுப் பேர். மூன்று பேருக்குப் பந்தினால் வேலை கிடைத்தது. ஒருவர் பி.பி.எட். முடித்துப் பள்ளியில் இருக்கிறார். ஐந்து பேர் வளைகுடாவில். மற்றவர்கள் கடல், கட்டட வேலை, ஆட்டோ. பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரும் ஜெயித்துக் கொடுத்த கோப்பைகள் முதல்வர் அறை அலமாரியில் இருக்கின்றன. அந்தக் கோப்பைகளுக்கு மதிப்பு உண்டு. சேர்க்கை விளம்பரத்தில் அவை வருகின்றன. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் மதிப்பீட்டிலும் மாணவர்கள் விளையாட்டில் வாங்கும் பதக்கங்கள் கணக்கில் சேர்கின்றன. கல்லூரிக்கு மதிப்பெண் வாங்கித் தந்தவனுக்கு மதிப்பெண் பட்டியல் இல்லை என்பது எப்படி நியாயமாகும்?

கல்லூரிகள் ஒரு பதில் சொல்லும். பந்து இல்லாவிட்டால் இந்தப் பையனுக்கு எங்கள் கல்லூரியில் இடமே கிடைத்திருக்காது, நாங்கள் இலவசமாகத்தானே சேர்த்தோம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான், ஏற்றிவிட்டது பந்துதான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அது தானம் இல்லை. காலையும் மாலையும் நான் ஓடிய ஓட்டம் அதற்குக் கொடுத்த கூலி. வேலையில் அடிபட்டவனைக் கூட்டிப்போய் வைத்தியம் பார்ப்பது எங்கள் போட்டில்கூட உள்ள வழக்கம். கல்லூரி அதைவிடக் குறைந்த இடமாக இருக்கலாமா?

அடிபட்ட ஒருவனைத் தாங்கிப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதையும் எங்கள் கடற்கரை பார்த்திருக்கிறது. எங்கள் எட்டு ஊர்களில் ஒன்றான இரவிபுத்தன்துறையின் ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் கோவாவில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முட்டில் அடிபட்டு வெளியே வந்தார். அந்தப் பருவம் முழுக்க ஆட முடியவில்லை. ஆனாலும் மீண்டும் களத்துக்கு வந்தார். அவருடைய உழைப்பு பெரிது. ஒரு தொழில்முறை அணியில் டாக்டரும் பிசியோவும் இருப்பார்கள் என்பதும் உண்மை. கல்லூரிப் பையனுக்கு ஐஸும் ஸ்ப்ரேயும்தான்.

வெளிநாட்டில் இதற்கு விதி இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2024 ஆகஸ்ட் முதல் தன் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு ஒரு கட்டாயம் வைத்தது. விளையாட்டில் பட்ட காயத்துக்கு, மாணவர் படிப்பை முடித்த பிறகும் குறைந்தது இரண்டு வருடம் கல்லூரி மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். அங்கே கல்லூரி விளையாட்டில் புழங்கும் பணம் வேறு, நம் கல்லூரிகளின் நிலை வேறு. இரண்டு வருடம் வேண்டாம், படிக்கிற மூன்று வருடத்துக்காவது பொறுப்பு ஏற்கட்டும் என்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது பதக்கத்தோடு மேடைக்கு வந்து சேர்ந்தவனுக்கு. வழியில் விழுந்தவனுக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையை நீட்ட வேண்டியது அவனை அழைத்துப் போன கல்லூரி.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. விளையாட்டுக்காகக் கொடுத்த இடம், காயம் பட்டாலும் படிப்பு முடியும்வரை அவனுக்கே என்று சேர்க்கைக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். பயிற்சியிலும் போட்டியிலும் படும் காயத்துக்கு அறுவை சிகிச்சையும் பிசியோவும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். ஓ.டி. நாளை வருகையாக ஏற்று, தவறிய இன்டர்னல் தேர்வுக்கு இன்னொரு தேதி கொடுங்கள். ஃபார்ம் த்ரீயை அந்தக் கல்வியாண்டுக்குள் கையில் கொடுங்கள். கடைசி வருடத்தில் பயிற்சியாளர் அல்லது ரெஃப்ரீ படிப்பு ஒன்றை முடிக்க வையுங்கள். கல்லூரிகள் தாமாகச் செய்யாவிட்டால், விளையாட்டு இடஒதுக்கீட்டில் மாணவரைச் சேர்க்க இவை நிபந்தனை என்று பல்கலைக்கழகங்களும் உயர்கல்வித் துறையும் ஆணை போட வேண்டும்.

நான் கரைக்கு வந்தது ஒக்கிக்குப் பிறகு. இனி கடல் வேண்டாம் என்று வீட்டுக்காரி ஒரே பிடியாக நின்றாள். பழைய அரியர்காரர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவித்தபோது விண்ணப்பம் வாங்கிவந்து கட்டணம் கட்டியவளும் அவள்தான். 2019இல் கடைசித் தாளை எழுதி முடித்தேன். பட்டம் கைக்கு வந்தபோது வயது 34. அந்தத் தாள்தான் ஐஸ் பிளான்ட்டில் கணக்கு வேலையை வாங்கித் தந்தது. அடுத்து, கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி லைசென்ஸ் படிப்பும் முடித்தேன். பட்டம் வருவதற்கு முந்தைய வருடமே அப்பா போய்விட்டார். எஸ்.பி.டி.யும் 2017 ஏப்ரல் முதல் தேதியே ஸ்டேட் பாங்கோடு இணைந்து பெயரை இழந்துவிட்டது. பட்டத்தை அம்மாவிடம் கொடுத்தேன். எழுத்துப் படிக்கத் தெரியாத அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பதின்மூன்று வருடம் முன்னால் அவர் பார்த்திருக்க வேண்டிய தாள் அது.

என்னிடம் இப்போது இருபத்தாறு பிள்ளைகள் பழகுகிறார்கள். பந்து வேண்டாம் என்று அவர்களிடம் நான் சொல்வதில்லை, சொல்லவும் மாட்டேன். ஒருவன் இடது ஓரத்தில் பந்தோடு ஓடும்போது எனக்குள் இன்றும் பதினெட்டு வயது எழுந்து ஓடுகிறது. பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் மணலிலேயே உட்கார வைத்துப் பள்ளிப் பாடம் கேட்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு மறுநாள் பந்து கிடையாது.

வருகிற திங்கள்கிழமை அந்தப் பையனோடும் அவன் அம்மாவோடும் அந்தக் கல்லூரிக்குப் போகிறேன். மகனையோ மகளையோ விளையாட்டின் பேரில் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இவனுக்குக் கால் போனால் படிப்பு இருக்குமா? வைத்தியச் செலவு யாருடையது? தவறிய தேர்வை எப்போது எழுதுவான்? பதிலை வாயால் வாங்காதீர்கள், தாளில் வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். என் அப்பா வெட்கப்பட்டுத்தான் கேட்காமல் வந்தார்.